பழைய ஜென்னும் நானும்

போன செவ்வாய்க்கிழமை பெட்ரோல் போடப் போயிருந்தேன். பங்க் பையன் மூடியைத் திறந்துகொண்டே, "எந்த வருஷ வண்டி சார்?" என்றான். "1997" என்றேன். "அப்ப நான் பொறக்கவே இல்ல சார்" என்று சிரித்தான். பக்கத்தில் பைக்கில் நின்றிருந்த ஓர் இளைஞர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"கார்பரேட்டர் ஜென்னா சார்? விக்கிற ஐடியா இருந்தா சொல்லுங்க. சைலன்சரை மாத்தி, கொஞ்சம் கீழ இறக்கி, அலாய் வீல் போட்டா சும்மா பறக்கும்."

"பறந்து பார்த்தாச்சு தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பங்க்கில் நின்றுகொண்டு சொல்லி முடிக்கிற கதை இல்லை அது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

கார் ஆசை எனக்கு எப்போது வந்தது என்று யோசித்தால் சோழவரத்தில்தான் போய் நிற்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. எழுபதுகளில் பிப்ரவரி மாதம் வந்தால் அங்கே மோட்டார் பந்தயம் நடக்கும். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தியது. நானும் கல்லூரி நண்பன் ஒருவனும் செங்குன்றம் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து கிடைத்த லாரியிலோ சைக்கிள் கேரியரிலோ தொற்றிக்கொண்டு போய்ச் சேருவோம். மண்டை பிளக்கும் வெயில். கையில் தயிர்சாதப் பொட்டலம். வெளிநாட்டுப் பந்தயக் கார்களை விட எனக்குப் பிடித்தது, நம்ம ஊர் பியட்டும் ஸ்டாண்டர்டு ஹெரால்டும் உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு ஓடுவதுதான். தெருவில் டாக்டர் வீட்டு வாசலில் சாதுவாக நிற்கிற அதே வண்டி, இங்கே மூலையில் சாய்ந்து திரும்பும்போது வேறு ஜீவனாக இருக்கும். எரிந்த ஆமணக்கு எண்ணெயின் வாசனை ஒன்று வரும் பாருங்கள், அதை முகர்ந்தவர்களுக்குத்தான் தெரியும். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் புதுத் தடம் வந்தது. சோழவரம் பழங்கதையாகிவிட்டது.

அதற்குள் நான் வங்கியில் சேர்ந்து, கல்யாணமாகி, ஒரு ஸ்கூட்டரோடு காலம் ஓடிக்கொண்டிருந்தது. 1993-ல் மாருதி ஜென் வந்தது. என் வயதுக்காரர்களுக்கு அது நினைவிருக்கும். அதுவரை சின்னக் கார் என்றால் மாருதி 800. ஜென் பார்வைக்கு ஒரு கூழாங்கல் மாதிரி உருண்டையாக, தாழ்வாக இருந்தது. 993 சி.சி., நான்கு சிலிண்டர், முழுக்க அலுமினிய இன்ஜின், ஐந்து கியர், 50 குதிரைத் திறன். இன்றைக்கு 50 என்றால் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் வண்டியின் எடை முக்கால் டன்தான். அந்த எடைக்கு அது தாராளம். இதே கார் சுசுகி ஆல்டோ என்ற பெயரில் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது என்பதில் நமக்கெல்லாம் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

நான் அப்போது கிளையில் கடன் பிரிவில் இருந்தேன். எத்தனை ஜென்னுக்குக் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்று கணக்கில்லை. மூன்று லட்சத்துக்கு மேல் விலை. டாக்டர், ஆடிட்டர், ஏற்றுமதிக்காரர் என்று வந்து கையெழுத்து வாங்கிப் போவார்கள். ஒருவர் சாவி வாங்கிய அன்றைக்கே லட்டுப் பெட்டியோடு வந்து, "ஒரு ரவுண்டு வாங்க சார்" என்று கூப்பிட்டார். கிளையிலிருந்து ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டினார். திரும்பி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தபோது, அடுத்த விண்ணப்பத்தைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. பையன் படிப்பு, தங்கை கல்யாணக் கடன், வீட்டுக் கடன். ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

2014-ல் ஓய்வு பெற்றேன். பையன் பெங்களூரில் வேலையில் அமர்ந்தாயிற்று. "அப்பா, புது வண்டி நான் வாங்கித் தரேன், ஆட்டோமேட்டிக்கா பாருங்க" என்றான். எனக்குப் புது வண்டி வேண்டாம். 1997-ல் வாங்க முடியாமல் போன வண்டிதான் வேண்டும். இதை மகனிடம் எப்படிச் சொல்வது? "பழசுதான் எனக்குப் பழக்கம்" என்று மழுப்பினேன்.

2016 மார்ச்சில் கிடைத்தது. 2015 டிசம்பர் வெள்ளம் முடிந்த சமயம். தண்ணீரில் மூழ்கிய கார்கள் கழுவித் துடைத்து விலைக்கு வந்துகொண்டிருந்த நேரம். எல்லோரும் எச்சரித்ததால் கம்பளத்தைத் தூக்கி முகர்ந்து பார்த்தேன், சீட் போல்ட்டில் துரு இருக்கிறதா, ஹெட்லைட்டுக்குள் ஈரம் படிந்திருக்கிறதா என்று பார்த்தேன். வெள்ளம் பார்க்காத வண்டிதான். பிறகு என் தொழில் புத்தி வேலை செய்தது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா, பழைய கடன் குறிப்பு நீக்கப்பட்டிருக்கிறதா, வங்கியின் தடையில்லாச் சான்று இருக்கிறதா, 15 வருடம் முடிந்து 2012-ல் புதுப்பித்தார்களா, பசுமை வரி கட்டினார்களா என்று ஒன்றுவிடாமல் பார்த்தேன். காகிதம் கண்ணாடி மாதிரி இருந்தது. 46,000 ரூபாய்க்குப் பேசி முடித்தேன்.

வண்டியின் அடியில் குனிந்து பார்க்கவில்லை. அதை எங்கள் பகுதி மெக்கானிக் பார்த்தார். அவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். எனக்கு மூன்று நான்கு வயது இளையவர். ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் படுத்து, ஒரு திருப்புளியால் ரன்னிங் போர்டைக் குத்தினார். திருப்புளி உள்ளே போயிற்று.

"சார், பேப்பர் நல்லா இருக்குன்னீங்க?"

"நல்லாத்தான் பாய் இருக்கு."

"அப்ப பேப்பர்ல ஏறி உக்காந்து போங்க" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

துருப்பிடித்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தார். டைமிங் பெல்ட்டை மாற்றினார். அது எப்போது மாற்றப்பட்டது என்று யாருக்கும் தெரியவில்லை என்றால், வாங்கிய கையோடு மாற்றிவிட வேண்டும் என்றார். கார்பரேட்டரைக் கழற்றி, ஜெட்டுகளைச் சுத்தம் செய்து, கேஸ்கட் மாற்றி, அடியிலிருந்த விரிசல் விட்ட ரப்பர் தட்டையும் மாற்றினார். அந்த விரிசல் வழியாகக் காற்று உள்ளே போனதால்தான் வண்டி சிக்னலில் நிற்கும்போது நடுங்கிக்கொண்டிருந்ததாம். டாப்பெட் இடைவெளியை வைத்து முடித்ததும் இன்ஜின் ஓடுகிறதா இல்லையா என்று காதை வைத்துக் கேட்க வேண்டியிருந்தது. ஜென் என்ற பெயருக்கே "இன்ஜின் சத்தம் பூஜ்யம்" என்று அந்தக் காலத்தில் விளக்கம் சொல்வார்கள். அன்றைக்கு நம்பினேன்.

கடைசியாகப் பாய் சொன்னது: "சார், பிரேக்கும் சஸ்பென்ஷனும் அடுத்து பார்த்துடலாம். டயரும் நாலும் மாத்தணும். ஒரு பதினெட்டு, இருபது ஆகும்." நான், "அடுத்த மாசம் பார்க்கலாம் பாய்" என்றேன்.

அந்த அடுத்த மாதம்தான் புத்தி கெட்டது.

வண்டி ஓட ஆரம்பித்ததும் சோழவரம் தலைக்கு ஏறிவிட்டது. கியர் குச்சியை இரண்டு விரலால் தள்ளினால் போதும், சட்டென்று விழும். காலியான சாலையில் மூன்றாவது கியரில் மிதித்தால் அறுபத்திரண்டு வயது இருபதாகிவிடும். இன்னும் கொஞ்சம் இருந்தால் நன்றாயிருக்குமே என்று தோன்றிற்று. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போனேன். காருக்கு அலங்காரம் செய்யும் கடைகள் வரிசையாக இருக்கும் சாலை. ஒரு கடைப் பையன் என் தலை நரையைப் பார்த்துவிட்டு, "பையனுக்கா சார்?" என்றான். "எனக்குத்தான்" என்றேன். அவனுக்கு ஏக சந்தோஷம்.

மூன்று வேலைகள் செய்தேன். ஒன்று, ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர். அதைப் பொருத்துவதற்காகக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டார்கள். 1995 ஏப்ரலிலிருந்து சென்னை உள்பட நான்கு பெருநகரங்களிலும் புதுப் பெட்ரோல் கார்களுக்கு அது கட்டாயம். அதன் மேல் நான் கடன் விண்ணப்பமே பார்த்திருக்கிறேன், ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு, புதுப்பேட்டையில் இரண்டாம் கையாக நான்கு அலாய் சக்கரங்கள், அகலமான டயரோடு. டயரில் பட்டன் நன்றாக இருந்தது. நகத்தால் அழுத்திப் பார்த்துத் திருப்தியடைந்தேன். மூன்று, முன்னும் பின்னும் ஸ்பிரிங்கில் ஒரு சுற்று வெட்டி வண்டியைத் தாழ்த்தினேன். இந்த மூன்றாவது வேலையைப் பாயிடம்தான் முதலில் கேட்டேன். "வெட்டின ஸ்பிரிங் வண்டியை நான் தொடமாட்டேன் சார்" என்று சொல்லிவிட்டார். வேறு இடத்தில் செய்துகொண்டேன்.

மொத்தம் 31,000 ரூபாய். பிரேக்குக்கும் டயருக்கும் பாய் கேட்டது இருபதுக்குள்.

வண்டி இப்போது உறுமியது. வேகம் கூடிற்றா என்று கேட்டால், சத்தம் கூடிற்று என்றுதான் சொல்வேன். லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் குறைந்தது. வேகத்தடையில் அடிவயிறு உரசிற்று. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் டயர் மட்கார்டில் இடித்தது. எதிர்வீட்டுக் குழந்தை தூங்கும் நேரம் பார்த்து வண்டி எடுக்க வேண்டியதாயிற்று. என் மனைவிக்கு மூட்டு வலி உண்டு. வண்டி தாழ்ந்துவிட்டதால் உட்காரும்போது கதவைப் பிடித்துக்கொண்டு பொத்தென்று விழ வேண்டும், எழும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு எழ வேண்டும். "ஏங்க, இது கிணத்துல எறங்கற மாதிரி இருக்கு" என்று ஒரு தடவை சொன்னாள். சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

அந்த வருடம் தீபாவளிக்கு மறுநாள் அமாவாசை. திருவள்ளூர் வீரராகவப் பெருமாளைச் சேவித்துவிட்டு வருவது எங்களுக்கு வழக்கம். வில்லிவாக்கத்திலிருந்து அம்பத்தூர், ஆவடி வழியாக நேர் சாலை. தரிசனம் நன்றாக ஆயிற்று. புளியோதரையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். திரும்பும்போது திருநின்றவூருக்குக் கொஞ்சம் முன்னால் தூறல் பிடித்தது. பல நாள் காய்ந்த சாலையில் முதல் தூறல் விழுந்தால் என்ன ஆகும் என்று ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். சாலையில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் மேலே மிதந்து சோப்புப் போட்ட மாதிரி ஆகிவிடும்.

அறுபதில் போய்க்கொண்டிருந்தேன். இடப்பக்கச் சந்திலிருந்து ஒரு சைக்கிள் வந்தது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண் குழந்தை. தீபாவளிப் புதுப் பாவாடை. பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்கவில்லை. சக்கரம் நின்றுவிட்டது, வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. பின்பக்கம் வலப்புறமாகத் தள்ளிக்கொண்டு வந்தது. ஸ்டியரிங் என் கையில் இருந்தது, ஆனால் எதற்கும் சம்பந்தமில்லாமல் இருந்தது. அந்தக் குழந்தை காலை ஊன்றி நின்று எங்களைப் பார்த்த பார்வை இன்னும் எனக்குத் தெரிகிறது. பயம்கூட இல்லை, ஆச்சரியம்தான்.

நின்றது. சைக்கிளின் முன் சக்கரத்துக்கும் என் பம்பருக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும்.

குழந்தை சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது. டீக்கடையிலிருந்து இரண்டு பேர் வந்து, என் வயதைப் பார்த்து, திட்டாமல், "பெரியவரே, பாத்து" என்றார்கள். அவர்கள் திட்டியிருக்கலாம் என்று தோன்றியது. புளியோதரை காலடியில் கொட்டிக் கிடந்தது. என் மனைவி ஒன்றும் பேசவில்லை. வண்டியை ஓரம் கட்டியதும் தண்ணீர் கேட்டுக் குடித்தாள். பிறகு, "ஸ்டேஷன்ல எறக்கி விடுங்க. நான் ட்ரெயின்ல வரேன்" என்றாள்.

"மூட்டு வலியோட படி ஏறுவியா?"

"ஏறிக்கறேன்."

திருநின்றவூர் ஸ்டேஷனில் இறக்கிவிட்டேன். அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருந்தேன். முப்பத்தெட்டு வருட தாம்பத்யத்தில் என் கூட வர மாட்டேன் என்று அவள் சொன்னது அந்த ஒரு தடவைதான். வீடு வரை நாற்பதுக்கு மேல் போகவில்லை. அந்த உறுமல் சத்தம் எனக்கே நாராசமாக இருந்தது.

மறுநாள் காலை பாயின் ஷெட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் எதுவும் கேட்காமல் குனிந்து டயரின் பக்கவாட்டைத் துடைத்து ஒரு நீள்வட்டத்துக்குள் இருந்த நான்கு எண்களைக் காட்டினார். 3208.

"என்ன பாய் இது?"

"2008-ல முப்பத்திரண்டாவது வாரம் செஞ்ச டயர் சார். எட்டு வருஷம் ஆச்சு. பட்டன் இருக்கும், ரப்பர் கல்லாயிருக்கும். மழைல எப்படிப் பிடிக்கும்?"

ஆயிரக்கணக்கான பத்திரங்களில் தேதி பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான். டயரிலும் தேதி போட்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. பின்சக்கரங்களைக் கழற்றியபோது இன்னொன்று தெரிந்தது. இடப்பக்க டிரம்மில் வீல் சிலிண்டர் கசிந்து பிரேக் ஷூ எண்ணெயில் நனைந்திருந்தது. ஒரு பக்கம் பிடித்து, ஒரு பக்கம் பிடிக்காமல் போனதால்தான் வண்டி திரும்பியிருக்கிறது.

"சார், ஓடறதை அப்புறம் பாக்கலாம். மொதல்ல நிக்கணும்" என்றார்.

எல்லாவற்றையும் திருப்பினேன். ஸ்பிரிங் நான்கும் புதிது, கம்பெனி அளவில். ஷாக் அப்சார்பர் நான்கும் மாற்றினோம். முன் டிஸ்க், பேட், பின் ஷூ, வீல் சிலிண்டர், பிரேக் ஹோஸ், எண்ணெய் எல்லாம் புதிது. பழைய 13 அங்குல இரும்புச் சக்கரத்திலேயே கம்பெனி சொன்ன அளவில் புது டயர். பழைய சைலன்சரும் கன்வெர்ட்டரும் கழற்றிய கடையில் நல்லவேளையாக இன்னும் கிடந்தன. அவற்றைத் திரும்ப வாங்கவும் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. புகைப் பரிசோதனையில் எண்கள் மறுபடியும் ஒழுங்காயின.

இந்த வேலை பாதியில் இருக்கும்போது நவம்பர் 8 வந்தது. 500-ம் 1000-மும் செல்லாது என்று இரவில் அறிவிப்பு. பாய்க்குக் கொடுக்க எடுத்து வைத்திருந்த பணம் அத்தனையும் 500 ரூபாய் நோட்டு. வாழ்நாள் முழுக்கக் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன், பிரேக் பேட் வாங்கக் கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் மூன்று மணி நேரம் வரிசையில் நின்றேன். உள்ளே என்னிடம் வேலை கற்ற பெண் ஒருத்தி அதிகாரியாக இருந்தாள். பார்த்துவிட்டு, "சார், உள்ள வாங்க" என்றாள். வேண்டாம் என்று நின்றுவிட்டேன். பாய் பாவம், "பணம் மெதுவா குடுங்க, வண்டி இங்கதான் நிக்கும்" என்றார். டிசம்பர் 12-ல் வர்தா புயல் வந்து எங்கள் தெருவில் நான் வழக்கமாக வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம் விழுந்தது. வண்டி பாயின் ஷெட்டில் இருந்ததால் தப்பியது.

பாய் எனக்குச் சில மாற்றங்களை அனுமதித்தார். ஆமாம், அனுமதித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ஹெட்லைட்டுக்கு ரிலே வைத்துப் புது வயர் இழுத்தார். பழைய வண்டியில் சுவிட்ச் வழியாகச் சுற்றிச் சுற்றிப் போகும்போது மின் அழுத்தம் குறைந்துவிடும். ரிலே வைத்தால் பாட்டரியிலிருந்து நேராகப் போகும். பல்பை மாற்றாமலே வெளிச்சம் பளிச்சென்று வந்தது. இடப்பக்கம் கண்ணாடி கிடையாது, ஒன்று வைத்தார். பிறகு என் யோசனையாக, முன் இருக்கை மெத்தையைப் பிரித்துக் கெட்டியான ஃபோம் வைத்து இரண்டு அங்குலம் உயர்த்தச் சொன்னேன்.

"எந்த சீட் சார்? உங்களுதா?"

"இல்ல பாய். அவங்களுது."

2017 ஜனவரி கடைசியில் தை அமாவாசை. முதல் நாள் இரவு சாப்பிடும்போது, "நாளைக்குத் திருவள்ளூர் போகணுமே" என்று பொதுவாகச் சொன்னேன். "போகணும்" என்றாள். ட்ரெயினா, காரா என்று நான் கேட்கவில்லை. காலையில் கீழே வந்து வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். புளியோதரை டப்பாவோடு வந்தாள். கதவைத் திறந்தாள். கையைப் பிடிக்காமல் உட்கார்ந்தாள். இருக்கையைக் கையால் ஒரு தரம் அழுத்திப் பார்த்தாள்.

"உசத்தியிருக்கீங்களா?"

"ம்."

"சத்தத்தையே காணோமே, வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சா?" என்றாள். எனக்கு உயிர் வந்தது.

திருநின்றவூர் தாண்டும்போது அந்தச் சந்தை இருவரும் பார்த்தோம். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒரு சாலை வளைவில் கியரைக் குறைத்து, பிரேக்கை லேசாகத் தொட்டுத் திரும்பினேன். வண்டி நான் நினைத்த இடத்தில் நினைத்த மாதிரி போயிற்று. ஹெரால்டு மூலையில் திரும்பும் அழகு என்று சோழவரத்தில் வாயைப் பிளந்து பார்த்தேனே, அது இதுதான் என்று அப்போது தெரிந்தது. அந்தக் கார்களை ஓட்டியவர்கள் முதலில் பிரேக்கையும் டயரையும்தான் பார்த்திருப்பார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற எங்களுக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

இரண்டு வருடம் கழித்து, 2019 ஜனவரியில், உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது: மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று. செய்தித்தாளில் படித்துவிட்டுப் பாயிடம் காட்டினேன். "உங்க வீட்டம்மா 2016-லயே தீர்ப்பு குடுத்துட்டாங்க சார்" என்றார்.

பழைய வண்டி வாங்க ஆசைப்படும் நண்பர்கள் அவ்வப்போது என்னைக் கேட்கிறார்கள். நான் சொல்வது இவ்வளவுதான். காகிதத்தைப் பாருங்கள், ஆனால் அதற்கு முன் குனிந்து அடியைப் பாருங்கள், அல்லது குனியத் தெரிந்தவரைக் கூட்டிப் போங்கள். வண்டி விலைக்குச் சமமாக இன்னொரு மடங்கு கையில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் செலவு பிரேக், டயர், சஸ்பென்ஷன். டயரில் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் கிடைக்கிறது. பழைய வண்டியின் ரப்பர் குழாய்களுக்கு அது ஆகாது, அவற்றை மாற்றிவிடுங்கள். உதிரிபாகம் கிடைக்குமா என்ற பயம் வேண்டாம், புதுப்பேட்டை இருக்கிறது. ஆனால் அங்கே பிரேக் சம்பந்தப்பட்ட எதையும் பழசாக வாங்காதீர்கள்.

செலவைக் கணக்குப் பார்த்தால் இது முட்டாள்தனம்தான். 2022-ல் பதிவைப் புதுப்பிக்க 5,000 கட்டினேன். அதே வருடம் ஏப்ரலுக்கு முன்பு வரை 600-ஆக இருந்தது. போன ஆகஸ்டில் 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 என்று அறிவித்துவிட்டார்கள். அடுத்து 2027-ல் புதுப்பிக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், என் டிரைவிங் லைசென்சும் அதே 2027-ல்தான் முடிகிறது. இந்த வயதில் ஐந்து ஐந்து வருடமாகத்தான் தருகிறார்கள், டாக்டர் சான்றிதழோடு. வண்டிக்கும் எனக்கும் ஒரே வருடத்தில் பரிசோதனை.

போன மாதம் இதைச் சொல்லிப் பாயிடம் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஷெட்டை இப்போது அவர் மகன்தான் பார்க்கிறார், பாய் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். "வண்டி பாஸாயிடும் சார். நீங்க கண்ணைக் காட்டினீங்களா?" என்றார்.

காட்டினேன். வலக் கண்ணில் புரை. போன டிசம்பரில் அறுவை சிகிச்சை ஆயிற்று. இடக் கண்ணுக்கு இன்னும் ஒரு வருடம் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று நான் ஒருமுறை பிரேக்குக்குச் சொன்னது நினைவுக்கு வந்தது. ஒரு வருடம் காத்திருக்க வேண்டாம், இப்போதே செய்துவிடலாம் என்று நாள் வாங்கிவிட்டேன். அது வரைக்கும் இருட்டின பிறகு வண்டி எடுப்பதில்லை, மழையில் எடுப்பதில்லை.

இதைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது என் மனைவி பின்னால் வந்து நின்று படித்தாள். "நான் ட்ரெயின்ல போனதையெல்லாம் எழுதணுமா?" என்றாள்.

"எடுத்துடட்டுமா?"

கொஞ்சம் யோசித்தாள். "இருக்கட்டும். அந்த பெட்ரோல் பங்க் பையன் படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். வரும் அமாவாசைக்குப் புளி ஊறப் போட வேண்டுமாம்.